மூணு நெத்திலியும் பழனியோட முதுகும்

கன்னையா அண்ணன் எங்க பிளாட்டுக்கு வந்தாருன்னா கீழேருந்தே மூணு ஹார்ன் அடிப்பாரு. நாலு மாடி ஏறி வர்றதுக்குள்ள நான் டீயைக் கலக்கி வச்சிரணும், அதுக்குத்தான் அந்த ஹார்ன். அன்னிக்கு ஹார்னே கேக்கல. திரும்பிப் பாத்தா ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம அடுப்படி வாசல்ல நிக்கிறாரு. தொண்ணூத்தஞ்சாம் வருஷம், ஜனவரி மாசம். தைப்பூசத்துக்குப் பன்னெண்டு நாள்தான் இருந்துச்சு. நான் தேங்கா துருவிக்கிட்டு இருந்தேன்.

"புஷ்பம், பழனி எங்க?"

"ஆபீசுக்குப் போயிருக்கான்ணே. ஏன், காவடிக் கம்பி வளைஞ்சிருச்சா?"

"கம்பி நல்லாத்தான் இருக்கு. அவன் முதுகுதான் சரியில்ல."

இந்த கன்னையா அண்ணன் கிளாங் பக்கம் பண்டமாரான்ல இருந்தாரு, கப்பல் போர்ட்ல லோரி ஓட்டுவாரு. வருஷம் பூரா லோரி, தைப்பூசம் வந்தா அலகு குத்துறது. முப்பது வருஷமா எத்தனையோ பேரு முதுகைப் பாத்த மனுஷன். என் மகன் பழனியப்பனுக்கு அவருதான் குத்துவாரு. முதுகுல கொக்கி கொக்கியா மாட்டி, ஒவ்வொரு கொக்கியிலயும் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கும். முந்துன நாளு சாயந்தரம் காவடி அளவு பாக்க இவன் பண்டமாரான் போயிருக்கான். சட்டையைக் கழட்டச் சொல்லியிருக்காரு.

"போன வருஷம் நாப்பது கொக்கி போட்டேன். எங்க எங்க போட்டேன்னு இப்ப எனக்கே தெரியல, அப்படி ஆறிப் போச்சு. ஒரே ஒரு எடத்துல மட்டும் புண்ணு நிக்குது. என்னடான்னு கேட்டா, 'உங்க கொக்கி பட்ட காயம்தான் மாமா'ன்னு சொல்றான். நான் அந்த எடத்துல குத்தவே இல்ல புஷ்பம். அவ்வளவு கீழ நான் யாருக்கும் குத்துறது இல்ல."

"பெரிசாவாண்ணே இருக்கு?"

"பத்து காசு அளவு இருக்கும். கறுப்பா, ஓரம் மட்டும் மெழுகு பூசுன மாதிரி பளபளன்னு, நடுவுல குழி. தொட்டா ரத்தம் கசியுது, ஆனா வலிக்கலங்கிறான். வலிக்காத புண்ணு எனக்குப் புடிக்காது லா. டாக்டர்கிட்ட காட்டாம நான் அவன் மேல கை வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"எந்தப் பக்கம்ணே?"

"இடது பக்கம். முதுகெலும்பு ஓரமா, வெலாவுக்குக் கீழ."

நான் துருவுறத நிறுத்திட்டேன். அவரு என்னையே பாத்தாரு. அப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழட்டி, "சரி, டீ போடு"ன்னாரு.

எதுக்கு எனக்குக் கை நின்னு போச்சுன்னா, அந்த இடது பக்கத்துக்கு ஒரு கதை இருக்கு. அது அப்ப எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுபத்து மூணுல பழனிக்கு மூணு வயசு. நாங்க பிரிக்பீல்ட்ஸ்ல ரயில்வே குவாட்டர்ஸ்ல இருந்தோம். இவங்க அப்பா ரயில்வேல வேலை. ஒரு நாளு குளிப்பாட்டும்போது சோப்பு போட்ட கை அவன் வயித்துல இடது பக்கம் வழுக்கிப் போயி, ஒரு கட்டியில முட்டுச்சு. கெட்டியா, ஒரு மங்குஸ்தான் பழம் அளவுக்கு. மண்ணு தின்னிருப்பான்னு என் மாமியார் சொன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். புத்துநோவுன்னு சொல்லிட்டாங்க. மூணு வயசுப் புள்ளைக்குப் புத்து வரும்னு யாருக்குத் தெரியும். ஒரு கிட்னியை எடுத்துட்டு, ஊசி போட்டு, அந்தப் பக்கத்துக்குக் கரண்ட் வச்சாங்க. மிஷினுக்கு அடியில படுக்க வச்சு கதிர் பாய்ச்சுறதத்தான் நாங்க கரண்ட் வைக்கிறதுன்னு சொல்லுவோம்.

புள்ளை பொழைச்சிட்டான். முருகா, இவனை எனக்குத் திருப்பிக் குடு, பெரியவனானா மூணு வருஷம் காவடி எடுக்க வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். ஆனா யாருகிட்டயும் புத்துன்னு வாயத் தொறக்கல. எங்க லைன்ல ஒரு அம்மாவுக்கு மார்ல புத்து வந்தப்ப, அவங்க வீட்டு கப்புல ஒருத்தரும் காப்பி குடிக்கல. நான் கண்ணால பாத்தேன். என் புள்ளைகூட எந்தப் புள்ளையும் வெளையாட வராம போயிட்டா? அதனால நானும் இவங்க அப்பாவும் பேசி வச்சிக்கிட்டோம். கேட்டவங்களுக்கெல்லாம் ஒரே பதில், கிட்னியில கல்லு. பழனிக்கும் அதேதான். வயித்துல இருக்கிற தழும்பைக் காட்டி என்னம்மா இதுன்னு கேப்பான். கல்லு எடுத்தாங்கடா கண்ணுன்னு சொல்லிருவேன்.

வருஷா வருஷம் செக்கப்புக்கு வாங்கன்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்புனாரு. நானும் அவனுக்குப் பத்து வயசு வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். ஒரு தடவ அந்தப் புத்து வார்டு வராண்டாவுல எங்க குவாட்டர்ஸ் வீரம்மா எதிர்ல வந்து, "நீ என்ன இங்க உக்காந்திருக்க?"ன்னு கேட்டுட்டா. அவளுக்குத் தெரிஞ்சா ரேடியோவுல சொன்ன மாதிரி. வழி தெரியாம வந்துட்டேன்னு சொல்லி, புள்ளைய இழுத்துக்கிட்டு வந்துட்டேன். வந்த கையோட ஆஸ்பத்திரி கார்டை வெந்நீர் அடுப்புல போட்டேன். அப்புறம் போகவே இல்ல. தப்பு என் மேலதான், ஆஸ்பத்திரி மேல ஒண்ணும் இல்ல.

இவங்க அப்பா எண்பத்தெட்டுல தவறிட்டாங்க. குவாட்டர்ஸை விட்டுட்டு கம்போங் மேடான் பிளாட்டுக்கு வந்தோம். பழனி படிச்சு, பங்சார்ல ஒரு ஆபீசுல வீட்டுப் பிளான் வரையுற வேலையில சேந்தான். மூணு வருஷம்னு நான் வேண்டுன காவடிய அவன் நிறுத்தவே இல்ல, அஞ்சாவது வருஷத்துக்குக் கெளம்பிட்டான். அந்த ஆவணியில கல்யாணம் வச்சிருந்தோம். பொண்ணு ரமணி, கிளாங்ல தமிழ் ஸ்கூல் டீச்சர். இவனே பாத்துக்கிட்ட பொண்ணுதான், எனக்கும் புடிச்சிருந்துச்சு. ஆக, எல்லாம் ஒழுங்கா போயிக்கிட்டு இருந்த நேரத்துலதான் கன்னையா அண்ணன் வந்து அப்படிச் சொன்னாரு.

அன்னிக்குச் சாயந்தரம் ஆறு மணிக்குப் பழனி வந்தான். பையை வைக்க விடல நான்.

"சட்டையைக் கழட்டு."

"ஏம்மா, கொழம்பு கொட்டியிருக்கா?"

"கழட்டுடா."

"கன்னையா மாமா வந்துட்டுப் போயிட்டாரா? அந்த ஆளு வாயில ஒரு நாளும் ஒண்ணும் நிக்காது."

கழட்டினான். ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தான், அதையும் பிச்சேன். உள்ள திருநீறு அப்பி வச்சிருக்கு. ஈரத் துணியால தொடைச்சுப் பாத்தா, அண்ணன் சொன்ன மாதிரியே இருந்துச்சு. அந்தப் பக்கம் தோலு எப்பவும் கொஞ்சம் கறுப்பாத்தான் இருக்கும், கரண்ட் வச்ச எடம். சரியா அதுக்குள்ள நிக்குது.

இப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. நாலஞ்சு மாசமா இவன் பனியனை இவனே தொவைச்சுக்கிட்டான். கல்யாணத்துக்கு முன்னாடியே என் புள்ளை பழகிக்கிறான் பாருன்னு நான் பக்கத்து வீட்டு வள்ளியம்மாகிட்ட பெருமையடிச்சேன். ரத்தக் கறையைத் தொவைச்சிருக்கான்.

"எத்தனை நாளாடா?"

"போன தைப்பூசத்துக்கு அப்புறம்."

"ஒரு வருஷமா? ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

தலையைக் குனிஞ்சிக்கிட்டான். இருபத்தஞ்சு வயசுப் புள்ளை, மீசை வச்சிருக்கான், கண்ணாடி டம்ளரை ஒடைச்ச பையன் மாதிரி நிக்கிறான்.

"தப்பு பண்ணிட்டேம்மா. போன வருஷம் விரதத்துல, ஆபீசுல ஒருத்தன் நாசி லெமாக் வாங்கிட்டு வந்தான். நெத்திலிச் சம்பல் இல்லாம வெறும் தேங்காப்பால் சோறு மட்டும் கேட்டேன். பொட்டலத்தைப் பிரிச்சா சம்பல் இருந்துச்சு. பசி. ஓரத்துல சாப்புட்டேன். மூணு நெத்திலி உள்ள போயிருச்சு."

"மூணுன்னு எண்ணுனியா?"

"நாலாவதுலதான் ஞாபகம் வந்துச்சு, அதத் துப்பிட்டேன். அப்புறம் காவடி எடுத்தேன். எல்லாக் கொக்கியும் ஆறிருச்சு, இது மட்டும் ஆறல. விரதம் ஒழுங்கா இருந்தா காயம் நிக்காதுன்னு நீதானம்மா சொல்லுவ. உனக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிருவ. இந்த வருஷம் ஒழுங்கா விரதம் இருந்து எடுத்தா சரியாயிரும்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையும் வருது சிரிப்பும் வருது. "முருகனுக்கு வேற வேலை இல்லையாடா? மூணு நெத்திலிக்கு ஒரு வருஷம் ஒக்காந்து உன் முதுகை நோண்டிக்கிட்டு இருப்பாரா?"

"நீதானம்மா சொன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

மறுநாளு சனிக்கிழமை. அவன் மோட்டார் சைக்கிள்ல பின்னாடி ஒக்காந்துக்கிட்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன், டாக்டர் சிவமலர் கிளினிக்குக்கு. பிரஷருக்கு நான் அவங்ககிட்டதான் மருந்து எடுக்கிறது. யாழ்ப்பாணத்து அம்மா, கோவில்ல பாத்தாலும் நாக்கை நீட்டுன்னு சொல்ற ஆளு.

பழனியைக் குப்புறப் படுக்கச் சொல்லி லைட்டைப் பக்கத்துல இழுத்தாங்க. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாங்க.

"இது எவ்வளவு காலமா கிடக்குது தம்பி?"

"ஒரு வருஷம் இருக்கும் டாக்டர்."

"முதுகில கண் இல்லை, சரி. உமக்கு வாயுமோ இல்லை?"

அவன் தலையணையில மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சிரிச்சான். அவங்க சிரிக்கல. புண்ணைச் சுத்தி வெரலால தடவிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

"அம்மா, இந்த இடம் மட்டும் ஏன் கறுத்துத் தோல் மெலிஞ்சிருக்குது? அடிமட்டம் வச்சுக் கோடு போட்ட மாதிரி முடியுது. சின்னனில கரண்ட் ஏதும் வச்சவையோ?"

அவன் காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கான்.

"இல்ல டாக்டர். பத்து போட்டோம்."

"என்ன பத்து?"

"மஞ்சளும் வேப்பெலையும் அரைச்சு. கொஞ்சம் சூடாப் போட்டுட்டோம்."

"சதுரமாவோ பத்து போடுறனீங்கள்?"

"எங்க மாமியார் போட்டாங்க டாக்டர். அவங்க எது செஞ்சாலும் அளவாத்தான் செய்வாங்க." பாவம், செத்துப் போன மனுஷி மேல போட்டேன்.

டாக்டர் கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தாங்க. "கிட்னியில கல்லு எடுத்தது எண்டு முந்தி எனக்குச் சொன்னனீங்கள், அந்த ஆப்பரேஷனோட கரண்ட் ஒண்டும் வைக்கேல்லையே? ஏன் கேக்கிறன் எண்டால், குழந்தையில கரண்ட் வச்ச தோலில, இருபது வருஷம் கழிச்சும் புத்து வரலாம். அப்படி எண்டால் இண்டைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவன். இல்லை எண்டால் ஒரு மாசம் மருந்து பூசிப் பாத்திட்டு யோசிப்பம்."

"இல்ல டாக்டர்"னேன் மறுபடியும்.

ஒரு டியூப் மருந்து குடுத்தாங்க. வெளிய வந்தோம். பழனிக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியாம்மா, வெறும் புண்ணுதான். நீயும் கன்னையா மாமாவும் சேந்து என்னைப் பாதி கொன்னுட்டீங்க. வா, வடை வாங்கித் தர்றேன்."

நான் மோட்டார்ல ஏறி ஒக்காந்தேன். எனக்கு அந்த ஹெல்மெட் வாரை மாட்டவே தெரியாது, எப்பவும் அவன்தான் மாட்டி விடுவான். "தாடையத் தூக்கு"ன்னான். தூக்குனேன். வாரை மாட்டிட்டு, என் கன்னத்துல ஒட்டியிருந்த முடியை எடுத்து ஹெல்மெட்டுக்குள்ள சொருகி விட்டான். "என்னம்மா, மூஞ்சி இப்படி வேர்த்துப் போச்சு?"

ஒரு மாசம் மருந்து பூசுவான். ஒரு மாசம் அது உள்ள உள்ள போகும். நான் வாயத் தொறக்காததால.

"எறக்கி விடுறா."

"இப்பத்தானம்மா ஏறுன?"

எறங்கி விறுவிறுன்னு உள்ள போனேன். வரிசையில ஒக்காந்திருந்தவங்க எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. ஏன்னு அப்ப எனக்குப் புரியல. டாக்டர் ரூம் கதவைத் தள்ளிட்டுப் போனா, உள்ள ஒரு சீனத்துப் பாட்டி வாயைப் பொளந்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க, டாக்டர் தொண்டையைப் பாக்குறாங்க.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன்."

"முதலில ஹெல்மெட்டைக் கழட்டுங்கோ அம்மா. கொள்ளையடிக்க வந்த ஆள் எண்டு அந்த மனுசி பயப்பிடுது."

கழட்ட வரல. பின்னாடியே வந்த பழனிதான் கழட்டுனான். அவன் கையி என் தாடையில இருக்கும்போதே சொன்னேன். "கல்லு இல்ல டாக்டர். புத்து. மூணு வயசுல. கிட்னியை எடுத்துட்டுக் கரண்ட் வச்சாங்க, அந்தப் பக்கந்தான்."

வாரை அவுத்த கை அப்படியே நின்னுச்சு. நான் அவனைப் பாக்கல, டாக்டரைத்தான் பாத்தேன். பாட்டிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் வாயை மூடிக்கிட்டாங்க.

டாக்டர் கோவப்படல. கடிதத் தாளை எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க. "இப்ப சொல்லிட்டியள் தானே. ரோட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தீங்கள் பாருங்கோ, அது போதும். திங்கக்கிழமை காலமை அங்க நிக்க வேணும்."

வெளிய வந்து அவன் மோட்டார் பக்கம் போகல. கிளினிக் படியில ஒக்காந்துட்டான். நான் ரெண்டு படி தள்ளி ஒக்காந்தேன்.

திரும்பாமயே கேட்டான். "அப்ப அந்தக் கல்லு?"

"எந்தக் கல்லு?"

"என் வயித்துலேருந்து எடுத்ததுன்னு அப்பா குடுத்தாரே. கறுப்பா, முட்டை சைசுக்கு."

ஐயோ, அத நான் மறந்தே போயிட்டேன். ஏழு வயசுல, கல்லைக் காட்டு காட்டுன்னு ஒரு வாரம் அழுது அடம் புடிச்சான். இவங்க அப்பா தாங்க முடியாம ஒண்ணு கொண்டாந்து குடுத்தாங்க.

"அது தண்டவாளத்துக்கு நடுவுல கொட்டுற கல்லுடா."

"அதை நான் ஸ்கூலுக்குக் கொண்டு போயிருக்கேன்மா. சயன்ஸ் டீச்சர் மேசையில வச்சு, எல்லாப் பசங்களும் வரிசையா வந்து பாத்தாங்க. டீச்சரு கையில எடுத்துப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. இப்பத்தான் புரியுது."

"என்ன சொன்னாரு?"

"நீ நெறைய தண்ணி குடிக்கணும்னு சொன்னாரு."

சிரிப்பான்னு பாத்தேன், சிரிக்கல. "இருபத்திரெண்டு வருஷம்மா. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. புண்ணு வந்த அன்னிக்கே நான் காட்டியிருப்பேனே. நெத்திலின்னு நெனச்சு உக்காந்திருந்தேன்."

வீட்டுக்கு வர்ற வழியில அவன் பேசல. ரெண்டு நாளு பேசல. ஆனா சாப்பாட்டுக்கு ஒக்காந்தா, எனக்கு எட்டாத தண்ணிச் சொம்பை மட்டும் எடுத்து என் பக்கம் வைப்பான். அது போதும்னு நான் இருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில ஒரு சின்னத் துண்டை எடுத்து டெஸ்ட் பண்ணுனாங்க. தோல் புத்துதான். ஆனா மெதுவா ஊர்ற வகை, உள்ள வேற எங்கயும் பரவல, சுத்தி நல்ல தோலையும் சேத்து வெட்டி எடுத்துட்டா போதும்னாங்க. அந்தத் தைப்பூசத்துக்கு அவன் காவடி எடுக்கல, பால்குடம் எடுத்தான். கன்னையா அண்ணன் அன்னிக்கு அலகு குத்துற வேலையே இல்லாத மாதிரி பக்கத்துலயே நடந்து வந்தாரு. அடுத்த வாரம் வெட்டி எடுத்தாங்க, பதினோரு தையல். முழுசா எடுத்தாச்சுன்னு ரிசல்ட் வந்த அன்னிக்குத்தான் நான் ஒரு வாய் ருசிச்சுச் சாப்புட்டேன்.

தையல் பிரிக்கப் போனப்ப தோல் டாக்டர் எங்களை ஒக்கார வச்சுப் பேசுனாரு. சீனரு, சின்ன வயசு. இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல பழனி எனக்குத் தமிழ்ல சொன்னான். சின்ன வயசுல கரண்ட் வச்சவங்களுக்கு அந்தத் தோலு ஆயுசுக்கும் கொஞ்சம் வீக்தானாம். இந்த ஒண்ணு போனா இன்னொண்ணு வரலாம், வராமலும் போகலாம். வருஷத்துக்கு ஒரு தடவ அவங்ககிட்ட வந்து காட்டணும். வீட்டுல மாசத்துக்கு ஒரு தடவ யாராவது முதுகைப் பாக்கணும். புதுசா ஒரு புள்ளி, ஆறாத புண்ணு, பளபளன்னு ஒரு பரு, எது வந்தாலும் ஒடனே வரணும். அந்தப் பக்கம் இனிமே கொக்கி கிக்கி ஒண்ணும் கூடாது.

"முதுகைப் பாக்க வீட்டுல ஆள் இருக்கான்னு கேக்குறாரும்மா."

"நான் இருக்கேன்னு சொல்லு."

அவன் டாக்டர்கிட்ட திரும்பி இங்கிலீஷ்ல என்னமோ சொன்னான். அதுல ரமணிங்கிற பேரு எனக்குக் கேட்டுச்சு.

டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. எத்தனை நாளு கரண்ட் வச்சாங்க, எந்த எடம் வரைக்கும், என்ன ஊசி, இதெல்லாம் தெரிஞ்சா நல்லது. பழைய ஃபைலைத் தேடச் சொல்றேன், கெடைக்குமான்னு தெரியல, கார்டு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? வெந்நீர் அடுப்பு எனக்கு ஞாபகம் வந்துச்சு. இல்லன்னு தலையாட்டுனேன். அப்ப ஞாபகம் இருக்கிறத எழுதிக் குடுங்கன்னாரு.

வெளிய வந்ததும் நான் மெல்ல ஆரம்பிச்சேன். "ரமணிக்கு ஏதோ புண்ணுன்னு மட்டும்தான் தெரியும், மத்ததக் கல்யாணம் முடிஞ்சதும் பக்குவமா சொல்லுவோம்டா. இப்ப சொன்னா அவங்க வீட்டுல என்ன நெனப்பாங்க."

"அவளுக்கும் ஒரு கல்லு எடுத்துக் குடுக்கலாங்கிறியா?"



அந்த ஞாயித்துக்கிழமை அவன் கிளாங் போனான். திரும்பி வந்து, "சொல்லிட்டேன்"னான். "என்னடா சொன்னா?" "ஒண்ணும் சொல்லல. யோசிக்கணும்னா." ஒரு வாரம் போன் வரல. அவன் பிளான் வரையுறேன்னு ராத்திரி சோறுகூட வேணாம்னான். நான் பாசாருக்குக் காய் வாங்கப் போனா எதுக்கு வந்தேன்னு மறந்துட்டு வெறும் பையோட வந்தேன். நான் பொத்தி வச்சது சரிதானோன்னு ஒரு நெனப்பு வரும். ஒடனே அந்தக் கறுப்புப் புண்ணு கண்ணு முன்னாடி வரும். இல்ல, சரியில்லன்னு நானே சொல்லிக்குவேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில கதவு தட்டுச்சு. ரமணி. கிளாங்லேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா, கையில ஒரு ஸ்கூல் நோட்டு.

"ஆன்டி, உங்க புள்ளை எங்க?"

"தூங்குறாம்மா."

"விரதத்துல நெத்திலி தின்னத் தெரியுது. வருங்காலப் பொண்டாட்டிக்கு ஒரு வாரமா போன் பண்ணத் தெரியல."

"நீ யோசிக்கணும்னு சொன்னியாமே?"

"ரெண்டு நாளு யோசிச்சேன். மிச்ச நாளு அவரு போன் பண்ணுவாருன்னு காத்திருந்தேன்."

இவன் சத்தம் கேட்டுக் கைலியோட எழுந்து வந்து நிக்கிறான். "நான் போன் பண்ணுனா உன்னைத் தொல்லை பண்ற மாதிரி இருக்குமேன்னு பாத்தேன்"னு மென்னு முழுங்குறான்.

"போயி மூஞ்சி கழுவிட்டு ஜன்னல் பக்கம் வாங்க. சட்டை வேணாம்."

நான் கதவைத் தொறந்து போட்டுட்டு நின்னேன், கல்யாணம் ஆவாத புள்ளைங்க. அவ என்னைப் பாத்து, "ஆன்டி, நான் மூணாம் வகுப்பு டீச்சர். தெனம் முப்பது தலையில பேன் பாக்குறேன். ஒரு முதுகு எனக்குப் பெரிசில்ல"ன்னா. வெளிச்சத்துல அவனைத் திருப்பித் திருப்பி நிக்க வச்சு, நோட்டுல ஒரு முதுகைப் படம் போட்டு, ஒவ்வொரு மச்சத்துக்கும் ஒரு நம்பர் போட்டா. இவன் நெளியுறான்.

"ஆடாதீங்க. ஏழும் எட்டும் ஒண்ணாயிருச்சு பாருங்க."

"கோடு கோணலா இருக்கு. படம் நான் வரையவா? அதான் என் தொழிலு."

"உங்க முதுகை நீங்க பாத்த லட்சணம்தான் தெரியுமே."

நான் அடுப்படிக்கு வந்துட்டேன். கண்ணு ரெண்டும் வழியுது, யாரும் பாக்கக் கூடாதுன்னு வெங்காயத்தை எடுத்து உரிச்சேன். கொஞ்ச நேரத்துல நோட்டோட அவளே வந்து எதிர்ல ஸ்டூலைப் போட்டு ஒக்காந்தா.

"எங்கம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்க மாட்டீங்களா ஆன்டி?"

"பயமா இருக்கும்மா."

"மொதல்ல அழுதாங்க. திரும்ப வந்துட்டா என்னடி பண்ணுவன்னு கேட்டாங்க. அதுக்குத்தானே மாசா மாசம் பாக்கப் போறேன்னு சொன்னேன். அப்புறம், 'அந்தம்மா இத யாருகிட்டயும் சொல்லாம எப்படித்தான் தாங்குனாங்களோ'ன்னாங்க."

அவ ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினா, தேதி எழுதுனா.

"டாக்டர் கேட்டத எழுதணும் ஆன்டி. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் சொல்லுங்க. எத்தனை நாளு கரண்ட் வச்சாங்க?"

"இருவத்தஞ்சு நாளு. சனி ஞாயிறு கெடையாது."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கு."

பழனி சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டே வந்து, எங்களுக்கு நடுவுல தரையில ஒக்காந்தான். வெங்காயத்தை என் கையிலேருந்து வாங்கித் தட்டுல வச்சான்.

"நானும் கேக்குறேன், சொல்லும்மா."

"மொத நாளு திங்கக்கிழமை"ன்னேன். "மை வச்சு உன் முதுகுலயும் வயித்துலயும் ஊதாக் கலர்ல கோடு போட்டாங்க. அழியக் கூடாது, அந்தப் பக்கம் தண்ணி படக் கூடாதுன்னாங்க. நீ கோட்டைப் பாத்துட்டு, என்னை யாரும்மா கிறுக்குனாங்கன்னு கேட்ட. அந்த ரூம்ல பெரிய கதவு. உள்ள நீ மட்டும்தான் இருக்கணும், அம்மா இருக்கக் கூடாது. நான் வெளிய ஒக்காந்துக்கிட்டு உனக்குக் கேக்குற மாதிரி சத்தமா ஒண்ணு ரெண்டு எண்ணுனேன். ஒரு மலாய் நர்ஸும் என்கூடச் சேந்து எண்ணுச்சு. நூத்தி நாப்பதுல கதவு தொறந்துச்சு..."

ரமணி எழுதிக்கிட்டே இருந்தா. ரெண்டாவது நாளைச் சொல்ல ஆரம்பிச்சேன்.